ஃபேன் கட்டில்

ஒரு காட்டில், ஒரு சருகுமான் எதிர்த்துக் கேள்வி கேட்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் கோபம் வேணும்மா,” என்றது உடும்பு. “ஆனா ரொம்ப வேண்டாம்.”

சருகுமான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னது: “நூலகத்தை மாலை ஐந்து மணிக்கே மூடிவிடுகிறீர்கள். இது நியாயமா? ஆறு மணி வரை திறந்து வைத்தால் என்ன?”

“நியாயமான்னு கேக்கும்போது பெஞ்சைத் தட்டு. லேசா.”

சருகுமான் லேசாகத் தட்டியது. மேடையில் உட்கார்ந்திருந்த கல்லூரி முதல்வர் காட்டெருமை, “நல்ல கேள்வி. இன்றே ஆவன செய்கிறோம்,” என்றது. அதற்கும் ஒத்திகை நடந்திருந்தது.

சருகுமானின் பெயர் இலக்கியா. ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தது. தணிகைவேல் என்ற அந்த உடும்புதான் துறைத்தலைவர். ‘விமர்சனச் சிந்தனை’ என்ற தாளை நடத்துவதும் அதுதான். வேறொரு காட்டிலிருந்து ஆய்வுக் குழு வரவிருந்தது. மாணவர்கள் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறார்களா என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ஆகவே கல்லூரி ஒரு கேள்வியைத் தயார் செய்து, அதைக் கேட்க இலக்கியாவைத் தேர்ந்தெடுத்திருந்தது. நூலகம் ஐந்து மணிக்கு மூடப்படுகிறதா என்பது இலக்கியாவுக்குத் தெரியாது. அது திறந்து யாரும் பார்த்ததில்லை.

வகுப்பில் உடும்பு நோட்ஸ் சொல்லும். மாணவர்கள் எழுதிக்கொள்ளும். எதையும் அப்படியே ஏற்காதே. சான்று எங்கே என்று கேள். வேறு விளக்கம் உண்டா என்று கேள். இதனால் யாருக்கு லாபம் என்று கேள்.

“ஏன் சார் மூணே மூணு கேள்வி?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரங்கு கேட்டது.

“எழுதுடா,” என்றது உடும்பு. குரங்கு எழுதிக்கொண்டது.

மற்ற மாணவர்களுக்கு அது பரீட்சைக்கான பாடம். இலக்கியாவுக்கு அப்படி விட முடியவில்லை. அதற்குப் படுக்கிற இடத்தில் பிரச்சினை இருந்தது.

விடுதி ஆற்றை ஒட்டியே இருந்தது. அறைக்கு இரண்டு கட்டில். ஒன்று சுவரோரம். இன்னொன்று ஆற்றைப் பார்த்த கதவை ஒட்டி. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆனால் அறையில் இருந்த ஒரே ஃபேன் அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே சுற்றியது. செல்போன் சார்ஜ் போடும் பிளக்கும் அதன் தலைமாட்டில்தான். அதனால் ஃபேன் கட்டில் எப்போதும் மூத்தவர்களுக்கு. சுவரோரம் படுப்பவை எப்போது அங்கே போவோம் என்று காத்துக்கொண்டிருக்கும். அதிகம் காத்திருக்க வேண்டியிருக்காது. ஃபேன் கட்டிலில் படுப்பவை பெரும்பாலும் படிப்பைப் பாதியில் விட்டன. கேட்டால், வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று வார்டன் சொல்லும். வார்டன் ஒரு முதலை; குடியிருப்பது அந்த ஆற்றிலேயே. பெயர் பிரேமாவதி. சொல்லும்போதே அழுதுவிடும்.

இலக்கியாவின் அறைத்தோழி சுபிக்ஷா என்ற முயலுக்குப் போன வாரம் கல்யாணம் ஆனது. வார்டன் வந்து, வழக்கம்போல் அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே நீதான்டி சீனியர். ஃபேனுக்குக் கீழ வந்துடு,” என்றது. சுவரோரக் கட்டிலை எடுத்துப்போய் ஸ்டோரில் போடச் சொன்னது. காலிக் கட்டில் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் கல்லூரி அலுவலகத்தில் இருந்தன. படிப்பை முடிக்காமல் அவை கைக்கு வராது.

இலக்கியா ஃபேன் கட்டிலுக்கு வந்தது. தலைமாட்டில் சுபிக்ஷாவின் செல்போன் சார்ஜில் கிடந்தது. மாப்பிள்ளையை மறந்துவிட்டுப் போனாலும் சுபிக்ஷா செல்போனை மறந்துவிட்டுப் போகாது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ‘அம்மா’ என்று வந்தது.

இலக்கியா துறைத்தலைவரின் அறைக்குப் போனது.

“சார், சுபிக்ஷாவுக்குக் கல்யாணம் ஆகல.”

“யார் சொன்னா?”

“அவங்க அம்மா இன்னும் போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க.”

“எடுத்துப் பேசினியா?”

“எடுத்தேன் சார். ‘சுபி, சாப்பிட்டியாடி’ன்னாங்க. வெச்சுட்டேன்.”

உடும்பு தலையாட்டியது. “சரி, சான்று இருக்கு. வேறு விளக்கம் உண்டான்னு யோசிச்சியா?”

“என்ன சார் விளக்கம்?”

“ஓடிப்போய்க் கட்டியிருக்கலாம். அம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

“போனை விட்டுட்டா?”

“லவ்வுல மறதி வரும்.”

“சார், அந்தக் கட்டில்ல படுத்த எல்லாருக்குமே கல்யாணம் ஆயிருக்கு.”

“ராசியான கட்டில்.”

“கதவுப் பக்கம் ஈரமா இருக்கு சார். பெரிய வால் ஒண்ணு இழுபட்டுப் போன தடம் இருக்கு.”

உடும்பு தன் வாலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. “எனக்கும்தான் வால் இருக்கு. பொத்தாம்பொதுவா ஒரு இனத்தையே குத்தம் சொல்லக் கூடாது. விமர்சனச் சிந்தனைக்கு அதுதான் முதல் எதிரி.”

“யாருக்கு லாபம்னு பார்த்தா சார்...”

“அந்தக் கேள்வி இந்த செமஸ்டர் போர்ஷன்லயே இல்லம்மா. போய் நூலகத்தைப் பத்திப் படி. கமிட்டி வர்ற நேரத்துல மனசைப் போட்டுக் குழப்பிக்காத.”

ஆய்வுக் குழு வந்தது. தலைவர் ஒரு கரடி. மதிய உணவு வார்டனின் பொறுப்பு. குழுவினர் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஏப்பத்தோடு அரங்குக்கு வந்து உட்கார்ந்த கரடி, “உங்கள்ல யாருக்காவது நிர்வாகத்துக்கிட்ட ஏதாவது கேக்கணுமா? பயப்படாம கேளுங்க,” என்றது.

இலக்கியா எழுந்தது. முன்வரிசையில் வார்டன் வாயைத் திறந்து சிரித்தபடி உட்கார்ந்திருந்தது. உடும்பு உதட்டசைவில் ‘நூலகம்’ என்று எடுத்துக்கொடுத்தது.

“எங்க விடுதியில ஆத்துப் பக்கம் படுக்கறவங்க காணாமப் போறாங்க,” என்றது இலக்கியா. “கல்யாணம்னு சொல்றாங்க. கல்யாணப் பத்திரிகை ஒண்ணுகூட வந்ததில்ல. சுபிக்ஷாவோட அம்மா இன்னைக்குக் காலையிலகூடக் கூப்பிட்டாங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் வார்டன் மேடம் இருக்காங்க. இப்ப அந்தக் கட்டில்ல நான் படுக்கறேன். இது நியாயமா?”

சொல்லிவிட்டுப் பெஞ்சைத் தட்டியது. லேசாக அல்ல.

கரடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. குழுவில் இருந்த மற்றவர்களும் எழுந்து தட்டினார்கள்.

“இத்தனை கல்லூரி பார்த்திருக்கேன்,” என்றது கரடி. “எல்லாரும் நூலகத்தைப் பத்தித்தான் கேப்பாங்க. இந்தப் பொண்ணு சான்றோட பேசுது. வார்டன் முகத்துக்கு நேரா பேசுது. வார்டனும் கோபப்படாம கேட்டுக்கிட்டு இருக்காங்க. இதுதான் கல்வி.”

“என் ஹாஸ்டல் பொண்ணு சார்,” என்று வார்டன் கண்ணீர் விட்டது.

கரடி முதல்வரைப் பார்த்தது. “நீங்க என்ன பதில் சொல்றீங்க?”

“நல்ல கேள்வி,” என்றது காட்டெருமை. “இன்றே ஆவன செய்கிறோம்.”

கல்லூரிக்கு உச்சபட்ச தரச்சான்று கிடைத்தது. இலக்கியாவுக்கு விமர்சனச் சிந்தனையில் முழு மதிப்பெண். பெஞ்சைத் தட்டுகிற அதன் படத்தை, ‘இங்கே கேள்விகள் வரவேற்கப்படுகின்றன’ என்று பேனர் அடித்து நுழைவாயிலில் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து சேர்ந்தன. விடுதியில் இடம் போதவில்லை. ஸ்டோரில் கிடந்த கட்டில்களை வார்டன் வெளியே எடுக்கச் சொன்னது. இலக்கியாவின் அறைக்கும் சுவரோரக் கட்டில் திரும்பி வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வரவில்லை.

மறுநாள் மதியம் ஒரு குட்டி முயல் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தது. பெயர் ஹர்ஷினி. இலக்கியாவைப் பார்த்ததும் அதன் காதுகள் நிமிர்ந்தன.

“அக்கா, நீங்கதானே பேனர்ல இருக்கீங்க? எங்கப்பா உங்களைப் பார்த்துட்டுத்தான் இந்தக் காலேஜே போதும்னாரு. உங்களை மாதிரி தைரியமா வரணும்னாரு.”

“அப்படியா?”

“ஆமாக்கா. அப்பப்பா, என்ன புழுக்கம்! எனக்கு எந்தக் கட்டில்?”

இலக்கியா ஃபேனைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. கதவுக்கு வெளியே தண்ணீர் ஒருமுறை அசைந்து அடங்கியது. போர்ஷனில் இல்லை என்று உடும்பு சொன்ன மூன்றாவது கேள்வியை, யாருக்கு லாபம் என்பதை, இலக்கியா மனதுக்குள் போட்டுப் பார்த்தது. பிறகு தன் தலையணையையும் போர்வையையும் சுருட்டிச் சுவரோரக் கட்டிலில் வைத்தது.

“நீ அதுல படுத்துக்கோ. காத்து நல்லா வரும்.”

“ஐயோ, அது சீனியருக்குத்தானேக்கா?”

“பரவால்ல. எனக்கு ஃபேன் ஒத்துக்காது.”

“நீங்க ரொம்ப நல்லவங்கக்கா,” என்ற ஹர்ஷினி, செல்போனைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டது. ‘வந்து சேந்துட்டேன்மா, சாயங்காலம் கூப்பிடு’ என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியது. பிரயாணக் களைப்பில், ஆற்றுப் பக்கம் திரும்பிப் படுத்து, உடனே தூங்கிப்போனது.

இலக்கியா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து வந்து, ஹர்ஷினியின் செல்போனை எடுத்து சைலண்டில் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தது.

நீதி: நூலகம் இனி மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும்.