ஓடையில் நான் விட்ட கப்பல்

நன்றி சொல்வதில் எனக்கு எப்போதுமே அவசரம். பந்தியில் இலை போட்டதுமே 'சாப்பாடு பிரமாதம்' என்று சொல்லிவிடுகிற ரகம் நான். (சோறு உள்ளே அப்போதுதான் வெந்துகொண்டிருக்கும்.) இந்தப் பழக்கம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை சட்டமன்றம் வரைக்கும் போய், அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பியது.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். திண்டுக்கல் டவுனில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருந்தேன். குடியிருப்பு கன்னிவாடிப் பக்கம் மாமனார் ஊரில். அதாவது, வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் சவரிமுத்துவுக்கு மல்லிகைத் தோட்டம். எனக்கோ மல்லிகைக்கும் முல்லைக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. 'வாங்க மாப்ள', 'சாப்பிடுங்க மாப்ள' இந்த இரண்டைத் தவிர வேறு எதுவுமே பேசியதில்லை என்பதுதான் பிரச்சினை. அந்த ஊரில் எப்படியாவது ஒரு பெரிய மனுஷனாகிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது.

ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன்மேல் தரையோடு தரையாக ஒரு பாலம். மலையில் மழை பெய்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். என் மனைவி ஜெசிந்தாதான் தினமும் விடியக்காலை பூ மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவாள். ஓடையில் தண்ணீர் வந்தால் ஊரைச் சுற்றிப் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் மொட்டு மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

ஒருநாள் சுற்றிப் போக மனசில்லாமல் தண்ணீரில் இறங்கிவிட்டாள். வண்டி சறுக்கியது. ஓரத்தில் நட்டிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்தாள். பூ மூட்டை போய்விட்டது. ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் எம்.எல்.ஏ. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மனுவைக் கும்பிட்டு வாங்கிப் பையில் போடுகிற ஆள் இல்லை. சிவப்பு பேனாவை எடுத்தார்.

"ஆறு பக்கம் எழுதியிருக்கீங்க தம்பி. தமிழ் நல்லா இருக்கு. ஓடை எந்த ஊர்ல இருக்குன்னு மட்டும் எங்கயுமே காணோமே?"

(முதல் நான்கு பக்கமும் பாலங்களின் வரலாறு.)

மறுவாரமே ஓடைக்கு வந்துவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் போய் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர், பூ வண்டி எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொண்டார். "சட்டமன்றத்துல கேள்வி குடுக்குறேன். ஆனா உடனே வந்துராது. ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்கணும்" என்றார்.

வரிசை நகர்ந்து, ஒருநாள் எங்கள் ஓடையின் முறை வந்தது. கடையில் உட்கார்ந்து போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.எல்.ஏ. அம்மா எழுந்தார். ஓடையின் பெயரைச் சொன்னார், ஊரின் பெயரைச் சொன்னார், பூ வண்டியைச் சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நேரலையை மூடிவிட்டு பிளக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் எது கிடைத்தாலும் நன்றி பிளக்ஸ் வைப்பது வழக்கம். டிரான்ஸ்பார்மர் மாற்றினால் பிளக்ஸ், தெருவிளக்கு எரிந்தால் பிளக்ஸ். நமக்கு முன்னால் வேறு எவனாவது வைத்துவிட்டால்? டிசைன் நானே செய்தேன். 'எங்கள் ஓடைக்கு உயர்மட்டப் பாலம் பெற்றுத் தந்த சட்டமன்ற உறுப்பினருக்குக் கோடானுகோடி நன்றிகள்!' மேலே அம்மா படம். கீழே கைகூப்பியபடி மாமனார். ஓர் ஓரமாக நான். (ஓரம்தான். ஆனால் அம்மாவைவிட அரை அடிதான் சின்னது.) நடுவில் இடம் காலியாக இருந்ததால் இணையத்திலிருந்து ஒரு பாலத்தை இறக்கிப் போட்டேன். எந்த நாட்டுப் பாலமோ, கம்பியெல்லாம் கட்டி அம்சமாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. பார்த்தேன். அழகாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஓடைக்கரையில் பிளக்ஸ் நின்றது. மாமனார் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மாப்ள, பாலம் வந்துருச்சா?"

"வந்த மாதிரிதான் மாமா."

"கப்பல் எதுக்கு மாப்ள?"

"அது டிசைன் மாமா."

கப்பலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அசந்துபோய்விட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அமைச்சர் உண்மையில் சொன்ன பதில் இதுதான்: அங்கே பாலம் கட்டும் திட்டம் இப்போதைக்கு இல்லை, இருந்தாலும் அதிகாரி ஒருவரை அனுப்பி அறிக்கை பெறப்படும். அதிகாரியும் வந்திருக்கிறார். ஓடையில் அன்று பொட்டுத் தண்ணீர் இல்லை. பிளக்ஸைப் பார்த்தார், படம் எடுத்தார், வண்டியில் ஏறிப் போய்விட்டார். 'வேறு திட்டத்தில் பாலம் கிடைத்துவிட்டதாகத் தெரிகிறது. பொதுமக்கள் நன்றி தெரிவித்து வைத்துள்ள பலகையின் படம் இணைக்கப்பட்டுள்ளது' என்று அறிக்கை எழுதி, ஃபைலையும் மூடிவிட்டார்.

இது எதுவும் தெரியாமல், அடுத்த கூட்டத்தொடரில் அம்மா மறுபடி எழுந்து கேட்டார். வேலை தொடங்கும் தேதியைத்தான் சொல்லப்போகிறார்கள், இந்தத் தடவை என் பெருமையை ஊரே பார்க்கட்டும் என்று டீக்கடை டி.வி. முன்னால் எல்லோரையும் கூட்டியிருந்தேன். மாமனாருக்கு முன்வரிசையில் நாற்காலி.

அமைச்சர் ஒரு தாளைக் கையில் எடுத்தார். "மாண்புமிகு உறுப்பினர் பாலம் கேட்கிறார். ஆனால் அவர் தொகுதி மக்கள் ஏற்கெனவே நன்றியே சொல்லிவிட்டார்கள். படம் என்னிடம் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே கப்பலே போகிறது!"

சட்டமன்றம் சிரித்தது. அப்புறம் டீக்கடையும் சிரித்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க, அப்ப நம்ம பாலம் போச்சா?" என்றாள்.

அவள் நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். என் மூஞ்சியைப் பெரிதாகப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு, அவளுடைய பாலத்தையே நான் கெடுத்துவிட்டேன். வெட்கத்தில் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாளே அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய அலுவலகத்தில் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு அமைச்சர் பதிலை முழுசாக் கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஒரு கேள்வி உள்ள போறதுக்கு எத்தன மாசம் நின்னேன் தெரியுமா? ரெண்டு நிமிஷம் பதிலைக் கேக்க ஒங்களுக்கு முடியலையா?"

வெள்ளைத் தாளை நீட்டினார். "நடந்தத எழுதுங்க. பாலம் வரல, பிளக்ஸ் வச்சது என் தப்புன்னு எழுதுங்க. ஒரு பக்கம்தான். தாண்டுச்சு, கிழிச்சுருவேன்." நின்றுகொண்டே எழுதினேன். அதிலும் இரண்டு இடத்தில் சிவப்பு மை பட்டது. கடைசியில் தாளை மடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆனாலும் கப்பல் எதுக்கு தம்பி?" என்றார்.

அடுத்து மானியக் கோரிக்கை விவாதத்தில் அம்மாவுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. என் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் மக்கள் முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டது உண்மைதான். சொன்ன நன்றியைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதனால் பாலம்தான் வந்தாக வேண்டும். கப்பல் போக வேண்டியதில்லை. ஒரு பூ வண்டி நனையாமல் போனால் போதும்."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அமைச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, இந்த ஆண்டிலேயே பணி எடுத்துக்கொள்ளப்படும் என்றார். நான் முழுசாகக் கேட்டேன். அடுத்து யாரோ ஒருவருடைய தொகுதியின் கால்நடை மருத்துவமனை பற்றிய பதிலையும், எதற்கும் இருக்கட்டும் என்று, கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.

பாலம் வந்தது. நீளம் இரண்டு லாரி இருந்தால் அதிகம். திறப்பு விழாவுக்கு நான் பிளக்ஸ் வைக்கக் கூடாது என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்தது. பழைய பிளக்ஸை மாமனார் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார், என் முகம் மாட்டுப் பக்கம் இருக்கிற மாதிரி. முதல் மழையில் ஓடை நிறையத் தண்ணீர் போனபோது, ஜெசிந்தா வண்டியைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, கீழே எட்டிப் பார்த்துவிட்டு, நேராக மார்க்கெட்டுக்குப் போனாள். பூ மொட்டாகவே போய்ச் சேர்ந்தது.

அரசாங்கம் அந்தப் பாலத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறதோ தெரியாது. பஸ் கண்டக்டர் 'கப்பல் பாலம் எறங்கு' என்றுதான் சத்தம் போடுகிறார். போன மாதம் காரில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் பாலத்தில் இறங்கி, முழங்கால் அளவு ஓடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாமனாரிடம் கேட்டார்: "ஏன் ஐயா இதுக்குக் கப்பல் பாலம்னு பேரு? இங்க கப்பல் வந்துச்சா?"

நான் வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கப்பல் இன்னும் வரல தம்பி. ஆனா எங்க மாப்ள நன்றி சொல்லிட்டாரு."