பீப்பீக்கு இரண்டாயிரம்

"போட்ட ரேட்டுதான் சார். ஒரு ரூபா கொறைக்க முடியாது" என்று மணிவேல் மறுபடியும் சொன்னபோது, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி அகிலா திரும்பி முறைத்தாள்.

முறைக்காமல் என்ன செய்வாள்? நகரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கீபோர்டும் கிதாரும் விற்கிற அந்தக் கடையில் காலையில் முதலில் நுழைந்த வாடிக்கையாளர் இவர்தான். போணி ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அகிலாவின் சித்தாந்தம்.

மணிவேலின் கஷ்டம் வேறு. கம்பெனி போட்ட விலைக்குக் கீழே விற்றால் டீலர்ஷிப் ரத்து. கம்பெனி ஆளே வாடிக்கையாளர் மாதிரி வந்து பேரம் பேசிச் சோதிக்கிறார் என்று டீலர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பீதி. டீலர்ஷிப் போனால் மாமனாரின் பவர்லூமில்தான் வேலைக்கு நிற்க வேண்டும். அதற்குத் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிடலாம்.

வந்தவர் பெயர் சாய்குமார். "திருப்பதிலேர்ந்து வந்துகீறேண்ணா. பாப்பா கீபோர்டு கிளாஸ்ல சேர்ந்துகீது. வெலய கொஞ்சம் தக்குவ பண்ணண்ணா" என்றார்.

அகிலா புருஷனை ஓரமாக இழுத்தாள். "இன்னா மாமா, இந்தாளப் பார்த்தா கம்பெனி ஆளு மாதிரியா கீது? ரப்பர் செருப்பு போட்டுக்கினு வந்துகீறாரு."

"பார்த்தாத் தெரியாதுடி. தெரியாத ஆளத்தான் அனுப்புவாங்க."

"அப்போ ஸ்டாண்டு, கவரு சும்மா குடு. வெலய கொறைக்கலயே?"

கொடுத்தான். சாய்குமார் இரண்டையும் திருப்பித் தள்ளினார். "இது எதுக்கண்ணா எனக்கு? இதோட காச வெலயில கழிச்சிக்கோ."

மணிவேலுக்கு வியர்த்தது. பேசுகிற பேச்சைப் பார்த்தால் சோதனைதான் என்று தோன்றியது. அகிலா விடவில்லை. "எக்ஸ்சேஞ்சு கீதே மாமா! பழைய வாத்தியம் குடுத்தா ரெண்டாயிரம் கழிக்கலாம்னு கம்பெனியே சொல்லிகீது."

"அவராண்ட ஏதுடி பழைய வாத்தியம்?"

அகிலா உள்ளே போய், கோயில் ஜாத்திரையில் பையனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் பீப்பீயோடு வந்தாள். அதைச் சாய்குமார் கையில் திணித்தாள். "இந்தாங்க சார், இது உங்களுது. இப்போ எங்களாண்ட குடுங்க."

அவர் பெருந்தன்மையோடு கொடுத்தார்.

"அடியே, இது வாத்தியமா?"

"ஊதினா சத்தம் வருதில்ல?"

எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய வாத்தியத்தோடு வாடிக்கையாளரின் போட்டோவும் வேண்டும். சாய்குமார் பீப்பீயை வாயில் வைத்துக் கன்னம் உப்ப நின்றார். மணிவேல் படம் எடுத்துக் கம்பெனியின் ஆப்பில் ஏற்றினான். வாரன்டிக்காக அவருடைய போன் நம்பரையும் கேட்டுத் தட்டினான். நம்பரைப் போட்டதுமே மீதியை ஆப் தானாக நிரப்பியது: சாய்குமார், விலைக் கண்காணிப்பு அதிகாரி, திருப்பதி கிளை.

"சார்! டீலர்ஷிப்ப மட்டும் எடுத்துடாதீங்க சார்! தெரியாம பண்ட்டேன், இப்பவே கேன்சல் பண்ணிடறேன்!" என்று மணிவேல் அவர் கையிலிருந்த கீபோர்டைப் பிடுங்கப் பார்த்தான்.

சாய்குமார் விடவில்லை. அவர் ஒரு முனையை இழுக்க, இவன் மறுமுனையை இழுத்தான்.

"ஐயோ, ஒடையப் போவுது!" என்று அகிலா நடுவில் புகுந்தாள்.

சாய்குமார் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாதண்ணா, எங்க ஸ்டாஃபுக்கே டிஸ்கவுன்ட் கெடையாதுன்னுதான் ஆபீஸ்ல சோதனைன்னு சொல்லிக்கினு கடை கடையா சுத்திக்கினு கீறேன், கம்மி பண்ணிக் குடுத்த புண்ணியவான் நீ ஒருத்தன்தான்!"