லைட்காரர் வீட்டு இருட்டு ட்ரெய்லர்

தன்னம்பிக்கை சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். எனக்கு அது கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெட்டியோடு மொத்தமாக வந்து இறங்கியது. அங்கே பெரிய கட்டடங்களுக்குள் வயர் இழுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். கரண்ட் என்று யாராவது வாயெடுத்தால் போதும், கேட்காமலே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவேன். (நாலு பேர் எழும்பிப் போனாலும் ஐந்தாவது ஆள் இருக்கும்வரை நிறுத்தமாட்டேன்.) அந்த நாளைய என்னை இன்று தெருவில் கண்டால் நானே மற்றப் பக்கத்தால் போய்விடுவேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டில்தான் போய் இருக்கவேண்டும். அப்படித்தான் நான் குருக்கள்மடத்துக்கு, சுபாவின் வீட்டுக்குப் போனேன். சுபாவின் அப்பா, அதாவது என் மாமா, பேர்போன லைட்காரர். கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, ஜெனரேட்டரும் சரவிளக்கும் டியூப் லைட்டும் மாமாவிடமிருந்துதான் போகும். அவற்றை ஏற்றிப் போக ஓர் இரும்பு ட்ரெய்லர் வைத்திருந்தார். ஏறாவூர் நஸீர் நானா தன் பிக்கப்பைக் கொண்டுவந்து அதைக் கொளுவி இழுத்துப் போவார்.

மாமாவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். தொழிலை மூத்த மருமகன் கையில் தருவாரா என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நான் மட்டும் மனதுக்குள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமா, "சித்தாண்டிக் கல்யாணம் ஒண்டு வருது. அத நீங்க பொறுப்பெடுத்துச் செய்யுங்க தம்பி" என்றார். இது பரீட்சை என்று தெரிந்துவிட்டது. பாஸாகிவிடுவேன் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னர் ஆயுத பூசை வந்தது. வாவியின் உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் பூசைக்குக் கத்தி, மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிப் பெயின்ட் அடித்துவிடுவோம். நான் ட்ரெய்லரைப் பொறுப்பெடுத்தேன். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை எடுத்து, மேலும் கீழும் புரட்டினேன். பிக்கப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். ட்ரெய்லரின் முன்பக்கத்து இரும்புத் தொப்பி அதன் மேல்தான் உட்காரும். அந்தத் தொப்பியின் உட்புறத்தைக்கூட நான் விடவில்லை. பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றிச் சுழற்றி மூன்று பூச்சு அடித்தேன். மாமி வந்து பார்த்துவிட்டு, "என்ட மருமகன்ட கை பட்டாப் போதும், சாமான் புதுசாகிரும்" என்றார். அந்தப் பாராட்டில் நான் ஒரு சாண் வளர்ந்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், பொழுதுபடும் முன்னர் சித்தாண்டியில் பந்தல் விளக்கு எரியவேண்டும். பகல் சாப்பாடு முடிந்த கையோடு ஜெனரேட்டரையும் விளக்குகளையும் ட்ரெய்லரில் ஏற்றினோம். நஸீர் நானா பிக்கப்பைப் பின்னால் எடுத்தார். கொளுவினோம். வயர்ப் பிளக்கை மாட்டினேன். நானா லைட்டைப் போட்டார்.

ட்ரெய்லரின் பின்பக்கத்துச் சிவப்பு லைட் இரண்டும் எரியவில்லை.

உள்ளே ஆயிரம் பல்பு. வெளியே இரண்டு பல்பு எரியமாட்டேன் என்கிறது. மாமாவோ லைட் இல்லாத ட்ரெய்லரை வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கைக்குக்கூட இறக்கமாட்டார். முன்னொரு காலத்தில் அவருடைய தம்பி, பின் லைட் இல்லாமல் நின்ற ஓர் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் மோட்டார் சைக்கிளோடு மோதிக் கால் முறிந்து மாதக்கணக்கில் கிடந்தவர். "வழியில பிந்தினா இருட்டிரும். இது எரியாம வண்டி அசையாது" என்றுவிட்டார்.

"அஞ்சு நிமிசம் மாமா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிக நீளமான ஐந்து நிமிடம் அதுதான்.

முதலில் பிளக்கைக் கழற்றி, ஒரு பேட்டரியை எடுத்து, ஒரு வயரை ட்ரெய்லர்ச் சக்கரத்தின் நட்டிலும் மற்றதைப் பிளக்கிலும் வைத்தேன். இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. ஆக, ட்ரெய்லரில் பிழை இல்லை. அடுத்து ஒரு சின்னப் பல்பை எடுத்து ஒரு வயரைப் பிக்கப்பின் இரும்பு உடம்பிலும் மற்றதை அதன் சொக்கெட்டிலும் வைத்தேன். அதுவும் பளிச். ஆக, பிக்கப்பிலும் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொளுவினேன். இருட்டு.

நஸீர் நானா தாடியைத் தடவினார். "தம்பி, தனித்தனியா வெச்சா ரெண்டும் நல்ல பிள்ளைகள். சேத்து வெச்சாத்தான் ஒத்துவருகுதில்ல. இது வயர் வேலையா, குடும்பப் பிரச்சினையா?"

குசினிக்குள்ளிருந்து மாமி சிரிப்பது கேட்டது. புதிதாக வந்த மருமகனுக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் விடவில்லை. இண்டிகேட்டரைப் போடச் சொன்னேன். இடப்பக்கம் மட்டும் அடிக்கவேண்டியது, எல்லா லைட்டும் சேர்ந்து நோயாளி கண் சிமிட்டுவதுபோல மங்கலாகச் சிமிட்டின. எந்த எலெக்ட்ரீசியனும் இதைக் கண்டவுடன், கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, எர்த் இல்லை என்று சொல்லிவிடுவான். நான் சொன்னது வேறு. "உள்ளுக்குள்ள வயர் எல்லாம் கலந்துபோச்சு மாமா" என்று தீர்ப்புக் கூறி, பிளக்கை வெட்டி எடுத்தேன். பல்பை மாற்றினேன். வயரை மாற்றினேன். மாற்றிய வயரைப் பழையபடி மாற்றினேன். கடைசியாக எதையோ எதிலோ முட்டவிட்டேன். "டப்" என்றது. பிக்கப்பின் சொந்தப் பின் லைட்டுகளும் அணைந்தன.

"நான் இஞ்ச வரக்குள்ள என்ட வண்டியில லைட் இரிந்திச்சி" என்றார் நானா, மிக அமைதியாக.

சுபா வாசலில் நின்றபடி, "இஞ்சப்பா, கட்டார்ல ட்ரெய்லர் இல்லையா?" என்று கேட்டாள். நான் பிக்கப்பின் பியூஸ் பெட்டிக்குள் தலையை விட்டேன். பியூஸ் மாற்றி லைட்டை மீட்டெடுத்து, வெட்டிய பிளக்கையும் திரும்பப் பொருத்தி மாட்டுவதற்குள், சித்தாண்டியிலிருந்து பெண்ணின் தகப்பன் திரும்பத் திரும்பப் போன் எடுத்தார். மாமா ஒவ்வொரு முறையும், "ஓம், ஓம், வெளிக்கிட்டாச்சு" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். எனக்காகச் சொன்னார்.

மாமி பொறுமை இழந்தார். "நீங்க இன்னும் சாமி கும்பிடல்ல. மறுகா எப்பிடி எரியும்?" என்று கேட்டுக்கொண்டு கற்பூரத்தோடும் தேங்காயோடும் வந்தார். சக்கரத்துக்கு எலுமிச்சங்காய் வைத்தாயிற்று. மாமா தேங்காயை வாங்கி, நாங்கள் போகவேண்டிய ஊரிலேயே கோயில் கொண்டிருப்பவரை, "சித்தாண்டி முருகா!" என்று கூப்பிட்டு ஓங்கி, ட்ரெய்லரின் அந்த இரும்புத் தொப்பியின் தலையிலேயே அடித்தார்.

தேங்காய் இரண்டாகப் பிளந்தது. பின்னால் இரண்டு சிவப்பு லைட்டும் குப்பென்று எரிந்தன.

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமாவுக்குக் கண் கலங்கியது. எல்லோரும் முருகனைப் பார்க்க, நான் மட்டும் குனிந்து நிலத்தைப் பார்த்தேன். தேங்காய்த் தண்ணீருக்குள் பச்சைப் பெயின்டுச் செதில்கள் கிடந்தன. தொப்பியின் உள் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து இரும்பு மின்னியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ட்ரெய்லருக்கு எர்த் வயர் என்று தனியாக ஒன்று இல்லை. கரண்ட் வயரால் வந்து, திரும்பிப் போவது இரும்போடு இரும்பு முட்டும் இந்த ஒரே இடத்தால்தான். அந்த இடத்தைத்தான் நான் மூன்று பூச்சுப் போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் முருகனே முன்வந்து பேர் வாங்கும்போது நடுவில் நான் எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

புறப்பட்டோம். மாமா பிக்கப்பில் முன்னால் ஏறினார். லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவது என் வேலை. காத்தான்குடியில் ஒரு மேடு. ட்ரெய்லர் குலுங்கியது, லைட் இரண்டும் அணைந்தன. நான் ஹோர்ன் அடித்தேன். மாமா இறங்கி வந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிவந்து தொப்பியில் அடித்தார். எரிந்தது. கல்லடிப் பாலம் தாண்டியதும் மறுபடி அணைந்தது. மறுபடி தேங்காய்.

"அண்ணன், இப்பிடியே போனா சித்தாண்டிக்குப் போய்ச் சேரக்குள்ள சம்பலுக்குத் தேங்காய் போதும்" என்றார் நஸீர் நானா.

ஏறாவூர் நெருங்கும்போது வானம் மங்கிவிட்டது. லைட் போனது. மாமா இறங்கினார். அக்கம்பக்கத்தில் கடை எதுவும் இல்லை. வீதியோரம் நின்று வடக்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"முருகா! இந்த லைட் ரெண்டையும் எரியவெச்சுத் தா. நாளைக்கே உன்ட வாசல்ல மொட்டை போடுறம்!"

மாமாவின் தலையில் நேர்ந்துகொள்ள ஒரு மயிரும் மிச்சம் இல்லை என்பது எனக்கு நினைவு வந்தது. "ஆருக்கு மாமா மொட்டை?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் தம்பி."

எனக்கு அப்போது முடி என்றால் உயிர். கட்டாரில் வெள்ளிக்கிழமை தவறாமல் சலூனுக்குப் போய், முன்னால் அலை எழும்பி நிற்கும்படி வெட்டுவித்துக்கொண்டு வந்த முடி அது. நாளைக்குக் கல்யாண வீடியோவில் வேறு நிற்கவேண்டும். முருகன் பேர் வாங்கட்டும் என்று விட்டவன், அவர் என் தலையைக் கேட்டதும் பதறிப்போனேன்.

"மாமா! பொறுங்க, பொறுங்க! இது சாமிக் குத்தமில்ல. நான்தான் அந்தத் தொப்பிக்குள்ள பெயின்ட் அடிச்சன். அதால கரண்ட் திரும்பிப் போக ஏலாம நிக்குது!"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நஸீர் நானா சீட்டுக்குக் கீழிருந்து ஓர் அரத்தை எடுத்து நீட்டினார். ஜாக்கி வைத்து ட்ரெய்லரைத் தூக்கி, தொப்பிக்குள் கையை விட்டு, மூன்று பூச்சையும் பச்சைத் தூளாகச் சுரண்டி எடுத்தேன். திரும்பக் கொளுவினோம். லைட் இரண்டும் கண்ணைக் கூசும்படி எரிந்தன. மாமா ட்ரெய்லரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அணையவில்லை.

"பாத்தீங்களா தம்பி? கேட்டு வாய் மூடல்ல, முருகன் எரியவெச்சிட்டான்" என்றார்.

"மாமா, நான்தானே அரத்தால சுரண்டி..."

"அரத்த உங்கட கையில தந்தவன் ஆரு?"

"நஸீர் நானா."

"என்ன இதுக்குள்ள இழுக்காதீங்க தம்பி" என்றார் நானா. "அது சீட்டுக்குக் கீழ சும்மா கிடந்த சாமான்."

சித்தாண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, போன் வெளிச்சத்தில் குந்தியிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஓடிவந்து எல்லோர் முன்னாலும் மாமாவைக் கேட்காத கேள்வி கேட்டார். இவ்வளவு கால லைட்காரத் தொழிலில் மாமா இப்படி ஏச்சு வாங்கியதை நான் கேள்விப்பட்டதே இல்லை. மாமா என் பக்கம் விரலை நீட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்து, "பிழை எங்கட பக்கம்தான். கொஞ்சம் பொறுங்க, மருமகன் இப்ப எரியவெச்சிருவார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் 'எங்கட' என்றாரே, அந்த ஒரு சொல்லுக்காக அன்று நான் பேய்போல வேலை செய்தேன். ஜெனரேட்டர் இறங்கிய கையோடு பந்தல் முழுக்கப் பகல்போல எரிந்தது. பெண்ணின் தகப்பனே சோடா கொண்டுவந்து என் கையில் தந்தார்.

மொட்டை விஷயம் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். விடிய, பந்தலடியில் படுத்திருந்த என் தலைமாட்டில் மாமா துவாயோடு நின்றார். நேர்ந்தது நேர்ந்ததுதானாம், முருகன் தன் பங்கைச் செய்துவிட்டாராம். கோயில் வாசலில் என் அலை சரிந்து விழுவதை நஸீர் நானா போனில் படம் எடுத்து, நான் எழும்புவதற்கு முன்னர் குருக்கள்மடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கல்யாண வீடியோவில் மணமக்களுக்குப் பின்னால் பந்தல் விளக்கு முழுவதையும் வாங்கித் திருப்பி அடித்துக்கொண்டு ஒரு தலை நிற்கும். வீடு வந்தபோது சுபா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுக் கதவை மூடினாள். உள்ளே அவள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

அன்று பின்னேரம் மாமா அடுத்த திருவிழாவுக்கு முற்பணம் தர வந்த ஆளை என்னிடம் அனுப்பினார். "இனி எல்லாம் மருமகனோட கதைங்க. பெயின்ட் வேலை மட்டும் என்னோட" என்றாராம்.

இப்போது தொழில் என் கையில். எல்லா ட்ரெய்லருக்கும் தனி எர்த் வயர் போட்டிருக்கிறேன், விரல் தடிப்பில். மாமாவுக்கு வயதாகிவிட்டது, ஆனால் வீட்டில் கரண்ட் போனால் இன்னும் முதலில் எழும்பி நிற்பவர் அவர்தான். போன கிழமையும் போனது. மாமா இருட்டில் கையெடுத்து, "சித்தாண்டி முருகா" என்று தொடங்கி, டோர்ச் வெளிச்சத்தை என் தலையில் பிடித்துப் பார்த்தார். உச்சியில் நேர்ந்துகொள்ளும்படியாக ஒன்றும் மிச்சமில்லை. வெளிச்சம் மெல்ல நகர்ந்து, சுபாவின் தங்கையைக் கட்டிப் போன மாதம்தான் வீட்டுக்கு வந்த என் சகலனின் அடர்ந்த சுருட்டை முடியில் போய் நின்றது. மாமா மறு வார்த்தை சொல்வதற்குள் முடிக்குச் சொந்தக்காரர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, பியூஸ் பார்க்க ஓடிவிட்டார்.