மாராத்தாளைக் குழியிலிருந்து மீட்ட வரலாறு

ஒரு காட்டில் திடீரென்று ஒற்றுமை வந்துவிட்டது. மலையேற வந்த யாரோ பாறை மேல் ஒரு 'டேப்' கைக்கணினியை மறந்து வைத்துவிட்டுப் போனதுதான் காரணம். அதில் ஒரே ஒரு கார்ட்டூன் படம் இருந்தது. எட்டு நிமிடம் ஓடும். யானைக்குட்டி ஒன்று குழியில் விழும். குரங்கு கொடி கொண்டுவரும். கரடி, மான், மயில் எல்லாம் வரிசையாகப் பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே இழுக்கும். கடைசியாக முயல் வந்து கை வைத்ததும் குட்டி மேலே வந்துவிடும்.

டேப்பைக் கண்டெடுத்த கருங்குரங்கு சடையப்பன், ஞாயிற்றுக்கிழமை தோறும் நாவல் மரத்தடியில் அந்தப் படத்தைப் போட்டார். பார்த்தவர்கள் விம்மி விம்மி அழுதார்கள். 'ஒற்றுமை மன்றம்' தொடங்கி, அவரையே செயலாளர் ஆக்கினார்கள். சேருவதற்குப் படிவம், அதில் ஒட்ட இரண்டு புகைப்படம், எல்லாம் முறைப்படி இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், காட்டெருமை மாராத்தாள் ஓடைக்கரைச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தவள், புதர் மூடிக் கிடந்த பழைய குழிக்குள் விழுந்துவிட்டாள். கால் முறியவில்லை. ஆனால் நாலு பக்கமும் செங்குத்தான மண்சுவர். மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் மன்றமே கூடிவிட்டது.

"பயப்படாதே அம்மிணி, நமக்குப் பயிற்சி இருக்குது" என்றார் சடையப்பன்.

யானை அங்காத்தாளுக்கு மட்டும் முகம் சரியில்லை. "படத்துல குழியில விழறது யானைங்க. அந்த இடத்துல இவ எப்படி விழலாம்?"

"விழுந்தாச்சே அக்கா. நீங்க தும்பிக்கையைப் போட்டு ஒரு இழு இழுத்தீங்கன்னா..." என்று கரடி இழுத்தது.

"யானை இழுக்கிற மாதிரி படத்துல எங்க வருது? காட்டு பாக்கலாம்."

படத்தை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. அங்காத்தாள் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

"முழங்கால் வரைக்கும் தண்ணி வந்திருச்சுங்க" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கொடி தயாராக இருந்தது. மானுக்கு முன்னால் மயிலா, மயிலுக்கு முன்னால் மானா என்று ஒரு தகராறு வந்து, அதுவும் தீர்ந்தது. அப்போதுதான் முயல் இல்லை என்று தெரிந்தது. அது அடுத்த மலையில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தது. கூட்டிவரக் காக்கையை அனுப்பிவிட்டு, அதுவரைக்கும் பாட்டைப் பழகினார்கள்.

"ஏனுங்க, முயல் இல்லாம ஒருக்கா இழுத்துப் பாக்கக் கூடாதுங்களா? வயித்துக்கு வந்திருச்சு."

"அவசரப்பட்டா ஒற்றுமை கெட்டுப்போயிரும், அம்மிணி."

தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது மாராத்தாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டே செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த நேரம், சரிவின் கீழ்ப்பக்கம் கிழங்கு தேடி வந்த காட்டுப்பன்றி ராக்கியண்ணன் காதில் மூச்சுத் திணறும் சத்தம் விழுந்தது. மேலேறி எட்டிப் பார்த்தார்.

"யாரு, மாராத்தாளா? இங்க என்ன பண்றே?"

"சாகறேனுங்க அண்ணா."

ராக்கியண்ணன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சரிவில் கீழே இறங்கி, ஓடையைப் பார்த்த பக்கம் குழியின் கரையில் மூக்கை வைத்துத் தோண்ட ஆரம்பித்தார். ஊறிய மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. நடுவில் ஒரு கல் தட்டி அவருடைய கோரைப்பல் ஒன்று உடைந்தது. மூக்கெல்லாம் ரத்தம். நிறுத்தாமல் தோண்டினார். கடைசியில் கரை சரிந்தது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடையில் விழுந்தது. அந்தச் சரிவில் மாராத்தாள் ஏறி வந்தாள்.

"வாய் எரியுது. கழுவிட்டு வர்றேன்" என்று அவர் ஓடைப்பக்கம் போய்விட்டார்.

மேலே இரண்டாம் சரணம் நடந்துகொண்டிருந்தது. முயலும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மாராத்தாள் பக்கத்தில் நிற்கிறாள். எல்லாருக்கும் முகம் வாடிவிட்டது.

"ராக்கியண்ணன்தான் தோண்டி..." என்று ஆரம்பித்தாள்.

"அவரு மன்றத்துல உறுப்பினரே இல்லையே" என்றார் சடையப்பன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இத்தனை பேரு மழையில நனைஞ்சு நிக்கறோம். ஒரு அஞ்சு நிமிசம் திரும்ப இறங்கு அம்மிணி" என்றார்.

மாராத்தாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாளைக்கும் இவர்களோடுதான் மேய வேண்டும். இறங்கினாள்.

டேப்பைப் பாறையில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார்கள். அங்காத்தாள் இப்போது எல்லாருக்கும் முன்னால் நின்று கொடியைப் பிடித்தாள். முதல் இரண்டு தடவையும் மாராத்தாள் சுலபமாக ஏறி வந்துவிட்டதால் மூன்றாம் தடவை எடுக்க வேண்டியதாயிற்று. "கொஞ்சம் கஷ்டப்பட்டு வா" என்றார் சடையப்பன்.

அடுத்த ஞாயிறு அந்தப் படம்தான் ஓடியது. வீங்கிய மூக்கோடு ராக்கியண்ணனும் வந்து மாராத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் சேர்ந்து கொடியை இழுத்த இடத்தில் அவருக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

"நம்ம காட்டுலயா இது? எத்தனை பேரு சேர்ந்து இழுக்கறாங்க பாரு! எப்ப அம்மிணி நடந்துச்சு?"

மாராத்தாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க வாய் கழுவப் போயிருந்தீங்க அண்ணா."

"அடடா, தெரிஞ்சிருந்தா நானும் வந்து ஒரு கை பிடிச்சிருப்பேனே" என்றார் ராக்கியண்ணன்.

நீதி: குழியில் விழுந்தவரைத் தூக்கிவிட ஒருவர் போதும்; தூக்கிவிட்டோம் என்று சொல்லத்தான் ஊரே ஒன்றுசேர வேண்டியிருக்கிறது.