திருப்புளிக்காரர்

உலகத்தில் திருப்புளிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பிழைப்புக்காகப் பழுது பார்ப்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் கெட்டுப்போனதைத் திறப்பார், சரிசெய்வார், மூடுவார். நம்மவரோ நன்றாக ஓடுவதையும் திறப்பார். மூடுவது மட்டும் அவர் ஜாதகத்திலேயே கிடையாது. ரேடியோ பாடினால் நீங்களும் நானும் பாட்டைக் கேட்போம். இவர், "இன்னும் நல்லா பாடும்லா" என்பார். போயிற்று. அன்று மாலையே அதன் குடல் மேசைமேல் கிடக்கும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் மலேசியாவின் ஈப்போவில் ஐயாவு என்று ஒருவர் இருந்தார். பகலில் ரப்பர் சாமான் தொழிற்சாலையில் வேலை, மாலையில் எலெக்ட்ரானிக்ஸ் பித்து. அவர் வீட்டுக் காற்றாடிக்கு முன்வலை இல்லை, இஸ்திரிப் பெட்டிக்குக் கைப்பிடி இல்லை, டிவிக்கு முதுகே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பொறுத்துப் பார்த்த மனைவி பாப்பா, ஒருநாள் ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஒரே ஒரு சாமான முழுசா செஞ்சு, மூடிக் காட்டுங்க. அப்ப வாரேன்."

ஒரு டார்ச் லைட்டை மூடிக் காட்டியிருக்கலாம் அல்லவா? அது எப்படி முடியும்! ஐயாவு தேர்ந்தெடுத்தது, செமோரில் முத்து முகம்மதுவின் சாப்பாட்டுக் கடையில் செத்துக் கிடந்த வீடியோ கேம் மேசையை. கண்ணாடிக்குக் கீழே பூச்சிகள் கூட்டமாக இறங்கும், நாம் சுடவேண்டும். அது ரோசாக் ஆகி, ஓடாமல் நின்றபிறகு, ஆட வந்தவர்கள் அதன்மேல் ரொட்டி சானாய் வைத்துச் சாப்பிட்டுப் போனார்கள்.

பழுது பார்க்கக் குறித்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா கையில் பையோடு கடைக்கே வந்து நின்றாள். மூடினால் அவரோடு ஈப்போ பஸ். இல்லையென்றால் திரும்ப அம்மா வீடு.

ஐயாவு மேசையைத் திறந்தார், உச்சுக்கொட்டினார். இந்த இனத்தின் மந்திரம் ஒன்று உண்டு, அதையும் ஓதினார்.

"இதுக்கு முன்னாடி யாரு பாய் இதுல கைய வச்சது? கண்ணு தெரியாதவனா?"

"நீதான் தம்பி. போன வருசம், நல்லா ஓடிக்கிட்டு இருந்தப்ப."

ஐயாவு தலையை மேசைக்குள் விட்டுக்கொண்டார். உள்ளே பருப்புக் குழம்பு வழிந்து, மின்சுற்றுப் பலகையின் செம்புப் பற்களில் காய்ந்து ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட ரப்பரால் பல் பல்லாகத் தேய்த்தார். சுவிட்சைப் போட்டதும் பூச்சிகள் வரிசையாக இறங்கின. கடையே கைதட்டியது. ஐயாவு கண்ணாடியை வைத்து, கடைசித் திருகையும் முடுக்கினார்.

அப்போதுதான் அவருக்குக் கேட்டது. மேசைக்குள் மெல்லிய ஒரு 'ங்ங்ங்'.

கை தானாகத் திருப்புளியைத் திருகின்மேல் வைத்தது. ஆனால் மனிதருக்குப் பெண்டாட்டிமேல் உயிர். திருப்புளியைச் சட்டைப் பைக்குள் திணித்து, அவள் பையைத் தூக்கிக்கொண்டார். அந்த வம்சத்திலேயே யாரும் செய்திராத தியாகம் அது!

"போலாம் பாப்பா."

வாசல்வரை வந்த பாப்பா நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏங்க... 'ங்'ன்னு ஒரு சத்தம் வருதே. அப்படியே விட்டுட்டா போறது?"

கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மேசை வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்க, இருவர் தலையும் அதற்குள் இருந்தன. அவர் பிடிக்க, அவள் திருப்பினாள். முத்து முகம்மதுதான் பாவம், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அது சரி, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? கேட்டீர்கள் அல்லவா? போதும். வீட்டிலுள்ள திருப்புளியை இப்போதே பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.