சம்பந்திக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன்

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் விளக்கம் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. அதையே பிழைப்பாகவும் வைத்திருப்பவன் நான்.

பணக்கார நாடுகள் மாநாட்டில் கூடி, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்கிறோம், அவர்கள் சரக்குக்கு வரி போடமாட்டோம் என்று கைதட்டல் வாங்கும். ஊர் திரும்பியதும் மறந்துவிடும். எந்த நாடு சொன்னதைச் செய்தது என்று அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் கொடுப்பது என் வேலை. நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்னறையில் லுங்கியோடு உட்கார்ந்து வல்லரசுகளுக்கு மார்க் போடுவேன். (பக்கத்து வீட்டில் அம்மா, ‘கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றான்’ என்று சொல்லிவைத்திருந்தாள்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்கப் பண்ருட்டியிலிருந்து வந்தார்கள். முந்திரி வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளையும் அக்காவும் ஒரே கல்லூரியில் படித்துப் பிடித்துப்போனவர்கள். இது அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அவர் மைன்ஸில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

கேசரி முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். “எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணும்னு நெனைக்கிறீங்களோ, அதச் செய்யுங்க.”

அப்பா நெகிழ்ந்துபோனார். அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பி என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன். வரி என்றதும் முந்திரிக்காரருக்கு ஆர்வம் வந்துவிட்டது. வாயால் சொல்வதை எப்படி அளப்பது, ஒரு உதாரணம் சொல் தம்பி என்றார்.

மாப்பிள்ளை முன் மேதாவியாகத் தெரிய எனக்கு ஆசை. உலகில் அத்தனை நாடுகள் இருக்க, என் கண்ணில் பட்டது அவர்தான்.

“இப்ப நீங்க சொன்னதையே எடுத்துக்கலாங்க. ‘ஒண்ணும் வேணாம்’, அது பச்சை. ‘நீங்க நெனைக்கிறதச் செய்யுங்க’, அது நிபந்தனை. மொத்தமா மஞ்சள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பைக் கேட்டா சிவப்பு.”

அப்பாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காபித் தட்டோடு கதவருகே நின்ற அக்காவின் கண் கலங்கியிருந்தது. வெட்கத்தில் செத்தேன்.

மாப்பிள்ளைதான் பேசினார். “அண்ணன் கல்யாணத்துல நாம பைக்குதான் கேட்டோம்ப்பா.”

அவர் அப்பா மறுபடியும் தொண்டையைச் செருமினார். “ஒண்ணும் வேணாங்க” என்றார். அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. கல்யாணம் அப்படியே நடந்தது.

ஆனால் எங்கள் அளவுகோலில் ஓர் ஓட்டை உண்டு. வாக்கே கொடுக்காத நாட்டுக்கு மார்க் குறைக்க வழியில்லை. சம்பந்தி அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளில், அவசியம் வந்துடுங்க என்று அம்மா போனில் கெஞ்சினாள்.

“வரேன்னு சொல்லமாட்டேங்க. உங்க பையன் எழுதி வச்சிக்கினு குந்தியிருப்பான்.”

அம்மா பதறிப்போய் வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் பலாப்பழமும் மறுகையில் போனுமாக, சம்பந்தி எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்.