மாஸ்டர் போட்ட சர்க்கரை ஷேடு கார்டு

கோயமுத்தூர் ஜில்லாவில் கண் உள்ளவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் ஷேடு மாஸ்டர் என்று கூப்பிட்டோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கேயாவது இருந்திருக்கும். அதைத் தேடிப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் நான் லேப் கெமிஸ்டாக இருந்தேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து, கல்யாணமும் ஆகி, புகுந்த வீட்டில் வாய்க்காரி என்ற பட்டமும் வாங்கிய பிறகு கிடைத்த வேலை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் துணியில் சாயம் ஏற்றிக் கொடுப்போம். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறி வரும் துணிக்கு லாட்டு என்று பெயர். பார்ட்டி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து "இந்தக் கலர் வேண்டும்" என்பான். நாங்கள் போட்ட கலர் அதோடு ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டியவர் மாஸ்டர்.

அதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. காலை பத்து மணிக்குமேல், வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும்தான் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் கலர் பார்ப்பது அவர் கணக்கில் கோயிலுக்குள் செருப்போடு போவதற்குச் சமம். பார்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் சாம்பல் நிறத் துணியையே உற்றுப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்வார். பிறகு ரிஜிஸ்டரில் அவர் ஒரு கையெழுத்து, லேப் சார்பில் நான் ஒரு கையெழுத்து. இரண்டும் இருந்தால்தான் சரக்கு வெளியே போகக் கேட் திறக்கும்.

மொதலாளி புதுக் கார் வாங்கி வந்து பூஜை போட்ட அன்று எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, மாஸ்டர் மட்டும் காரைச் சுற்றி வந்து, "இடது பக்கக் கதவு வேற லாட்டுங்க" என்றார். மொதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டதில், கொண்டு வரும்போது கதவு இடித்து மறுபடி பெயின்ட் அடித்ததை அவன் ஒப்புக்கொண்டான். இன்னொரு முறை ஒரு கல்யாணப் பந்தியில், பெண்ணின் சேலையும் ரவிக்கையும் ஒரே தறியில் வந்ததில்லை என்று சொல்லிப்போட்டார். அதன் பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பவர்கள் வாசலோடு வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் அவரைப் பார்க்கப் பார்க்க மலைப்பாகத்தான் இருந்தது. நான் ஒரு மணி நேரம் கரைசல்களைக் கலந்து கண்டுபிடிப்பதை அவர் தலையைச் சாய்த்து ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

அந்த மாஸ்டருக்குச் சர்க்கரை வந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, வீட்டிலேயே சோதித்துக்கொள்ள ஒரு வழியும் சொல்லி அனுப்பினார். இப்போதுபோல விரலைக் குத்தி எண் பார்க்கும் கருவி அப்போது எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் இல்லை. பெனடிக்ட் கரைசல் என்று நீலமாக ஒரு மருந்து. அதை டெஸ்ட் டியூபில் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் அளவுக்குத் தகுந்தபடி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு.

வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் மறுநாள் புதுமாப்பிள்ளைக் களையோடு லேபுக்குள் வந்தார்.

"ஏனுங் அம்மணி, இத்தன வியாதி இருக்குதுங்க, ஷேடு கார்டோட வந்த வியாதி இது ஒண்ணுதானுங்க."

அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிறம் போதாதாம். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் மட்டும் நாலு படி இருக்கிறதாம். நூலில் சாயம் ஏற்றி, ஒரு அட்டையில் வரிசையாகச் சுற்றி, மொத்தம் பதினேழு நிறத்தில் தன் சர்க்கரைக்கு ஒரு ஷேடு கார்டு தயாரித்தார். தினம் காலை டிபன் முடித்து இரண்டு மணி நேரம் கழித்து என் ஸ்பிரிட் விளக்கில் அவருடைய டெஸ்ட் டியூப் கொதிக்கும். வடக்கு ஜன்னலில் கார்டோடு ஒப்பிட்டு, அதற்கென்று வைத்த தனி நோட்டில் கையெழுத்துப் போட்டு, நோட்டை என் பக்கம் தள்ளுவார். நான் படித்த கெமிஸ்ட்ரிக்கு இந்தக் கதி வரும் என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. முதல் நாள் முறைத்தேன். இரண்டாம் நாள் கையெழுத்தைப் போட்டேன். பிறகு பழகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பழம் வந்தது. மாஸ்டரின் மச்சினன் உடுமலைப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்த்தார். பூச்சிக்கு மல்பெரி இலைதான் வேண்டும். கறுப்புக் கறுப்பாகக் காய்த்துத் தொங்கும் பழத்தை அங்கே யாரும் மதிப்பதில்லை. மாஸ்டர் ஒரு நாள் தூக்குப்போசி நிறைய அதைப் பறித்து வந்து, ஐந்து இட்லியோடு ஒரு கைப்பிடி சேர்த்துத் தின்றுவிட்டு வந்தார். முந்தின நாள் அதே ஐந்து இட்லிக்கு டியூப் மஞ்சள் காட்டியிருந்தது. அன்றைக்குக் கிளிப்பச்சை.

எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு முறை பாருங்கள் என்றேன். அவர் ஒரு முறையா பார்த்தார்? ஒரு நாள் இட்லி மட்டும், ஒரு நாள் இட்லியும் பழமும் என்று ஒரு மாதம் மாற்றி மாற்றித் தின்றார். எண்ணி ஐந்து இட்லி, அளந்து ஒரு கைப்பிடி பழம், சட்னியில்கூட மாற்றமில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்வார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். பழம் தின்ற நாட்களில் பெரும்பாலும் நிறம் இறங்கித்தான் இருந்தது.

ஆடி மாதம் நாவல்பழம் வந்ததும் சோதனை அதற்குத் தாவியது. ஊதா நாக்கோடு மாஸ்டர் வேலைக்கு வருவார். நாவலும் நல்ல பெயர் வாங்கியது. அவர் சம்சாரம் பாவம், மனுசன் மென்று மென்று களைத்துப்போகிறாரே என்று ஒரு நாள் பழத்தைப் பிழிந்து வடிகட்டி, புளிக்கிறதென்று வெள்ளைச் சர்க்கரையும் போட்டு டம்ளரில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு டியூபில் வந்த சிவப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாஸ்டர் அதை எழவு வீட்டில் நிற்பதுபோல நின்று பார்த்தார். அப்போதும் சர்க்கரை போடாமல் பிழிந்து ஒரு நாள் குடித்துப் பார்த்தார். முழுப் பழம் அளவுக்கு அதுவும் தேறவில்லை. தோலோடும் சதையோடும் மென்றால்தான் பழம், பிழிந்தால் அது வேறு சரக்கு என்று நோட்டில் எழுதிவைத்தார்.

நெல்லிக்காய் மட்டும் அநியாயமாகப் பழி சுமந்தது. வால்பாறை பஸ் கண்டக்டர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்த காட்டு நெல்லியை, ஒரே நாளில் இருபது முப்பது தின்றுவிட்டு வந்து டியூபைக் காய்ச்சினார். இனிப்பே இல்லாத காய்க்கு நிறம் ஏறியிருந்தது. நெல்லி துரோகி என்று அட்டையில் எழுதிவிட்டார். என் பழைய புத்தகங்களைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. வைட்டமின் சி அளவுக்குமேல் வெளியேறினாலும் அந்தக் கரைசல் சர்க்கரை என்று ஏமாந்துபோகும். அதைச் சொன்னதும் மாஸ்டர் அட்டையில் அந்த வரியை அடித்துவிட்டு, மிச்சமிருந்த நெல்லிக்காய் ஒன்றைக் கையில் எடுத்து மன்னிப்புக் கேட்டார். நான் கண்ணால் பார்த்தேன்.

இதற்கெல்லாம் அவர் ஒரு விளக்கமும் வைத்திருந்தார். சாயத்தைத் தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டினால் துணி அவசரமாகப் பிடித்துத் திட்டுத்திட்டாகிவிடும். அதனால் சாயம் நிதானமாக ஏறுவதற்கு லெவலிங் ஏஜென்ட் என்று ஒன்றைச் சேர்ப்போம்.

"இட்லி ஒரேயடியா கொட்டற சாயமுங்க. பழம் அதுக்கு லெவலிங் ஏஜென்ட்டுங்க. மெதுவா ஏறோணும், அவ்வளவுதானுங்க சூட்சுமம்."

இதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஆளில்லை, படிக்கப் புத்தகமில்லை. ஐந்து இட்லியும் ஒரு கண்ணும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்த மனுசன்.

ஆனால் அதே தொழில்தான் அவரைக் குழியிலும் தள்ளியது. ஷேடு வந்துவிட்டால் அதற்குமேல் தொட்டியில் எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் லாட்டு கெட்டுவிடும். இது சாயப்பட்டறையின் முதல் பாடம். டியூப் தொடர்ந்து பத்து நாள் நீலம் காட்டியதும் மாஸ்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஷேடு வந்தாச்சு, இனி எதற்கு மருந்து என்று கேட்டார். நான் கத்திப் பார்த்தேன். அவர் சம்சாரம் அழுது பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று நாலு மாதம் போயிருக்கும். ஒரு நாள் டியூபை ஜன்னலில் தூக்கிப் பிடித்து, "நீலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டைத் தள்ளினார். நான் பார்த்தேன். பச்சை. யாரும் பச்சை என்று சொல்லும் பச்சை. மனுசன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டேன். முதல் தடவை. மாஸ்டர் டியூபைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை.

நாலாம் நாள் கடல் பச்சை லாட்டு இரண்டு வந்தது. ஒன்று டி-ஷர்ட் உடம்புக்கு, இன்னொன்று கைக்கு. இரண்டும் ஒத்திருக்க வேண்டும். மாஸ்டர் பார்த்து, ஓகே போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் இரண்டு துண்டையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று நீலம் பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொன்று பச்சைப் பக்கம். வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் வித்தியாசம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு டியூபில் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நீலமாகவே தெரிந்திருக்கிறது. சர்க்கரையை அளந்துகொண்டிருந்த கண்ணையே சர்க்கரை தின்றுகொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும்.

மாஸ்டரைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் துணியை மட்டும் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சாம்பல் துணியை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இரண்டு துண்டையும் பார்த்தார். மறுபடி சாம்பல் துணி, மறுபடி துண்டுகள். அவ்வளவு நேரம் அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"நெசத்தச் சொல்லுங் அம்மணி. இது ரெண்டும் ஒண்ணுங்களா?"

"இல்லீங்க மாஸ்டர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ரிஜிஸ்டரைத் திறந்து, தான் போட்ட ஓகேயை அடித்தார். கீழே ஒரு புது வரி எழுதினார். சரக்கு என்ற இடத்தில் "மாஸ்டர் கண்ணு". முடிவு என்ற இடத்தில் "ரிஜெக்ட்". கையெழுத்துப் போட்டு, எப்போதும்போல என் பக்கம் தள்ளினார்.

எனக்குக் கண் மறைத்தது. போட முடியாது என்றேன்.

"போடுங் கண்ணு. ரெண்டு கையெழுத்து இல்லாம கேட்டு தொறக்க மாட்டாங்க. நான் ஆசுபத்திரி போகோணுமல்லங்க."

போட்டேன். அந்தக் கேட் வழியாகவே அவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

டாக்டர் கண்ணையும் ரத்தத்தையும் சோதித்துவிட்டு நன்றாகத் திட்டினார். ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தால்தான் சிறுநீருக்கு வரும், டியூப் நிஜமாகவே நீலமாக இருந்திருந்தாலும் ரத்தம் சுத்தம் என்று அர்த்தமில்லை என்றார். மாஸ்டர் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, மஞ்சள் பையிலிருந்து பதினேழு நிறக் கார்டையும் நோட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் புரட்டினார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த நோயாளி கதவைத் தட்டியபோதுகூட அவர் தலை நிமிரவில்லை.

நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இப்படிப்பட்ட பழத்தை முழுசாக டிபனோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருக்கலாம். மெதுவாக ஏறினால் அதைச் சமாளிக்க உடம்புக்குத் தேவைப்படும் இன்சுலினும் குறையலாம். ஆனால் உங்கள் உடம்பில் இன்சுலின் ஏற்கெனவே போதவில்லை, பழம் துணைக்கு வரும், மாத்திரை செய்கிற வேலையை அது செய்யாது என்றார்.

மாஸ்டர் கார்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். "அப்பிடின்னா மெசினோட்டறவனுக்கு ஒடம்பு செரியில்லீங்க. லெவலிங் ஏஜென்ட்ட மட்டும் ஊத்தி என்ன பண்றது" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் கணக்கில் இன்சுலின்தான் சாய மெஷினை ஓட்டுகிற ஆள்.

அதன் பிறகு மாத்திரை தவறவில்லை, பிறகு ஊசியும் தவறவில்லை, பழமும் தவறவில்லை. கண் பாதி திரும்பி வந்தது. மொதலாளி அவரை அனுப்பவில்லை. சிவப்பும் மஞ்சளும் அவர் பார்ப்பார், நீலமும் பச்சையும் நான் பார்ப்பேன் என்று ஏற்பாடாகியது. நீல லாட்டு வந்தால் என் பக்கத்தில் வந்து நின்று, நான் சொல்லும்வரை சாம்பல் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொன்னதை ஒரு நாளும் அவர் மறுத்துப் பேசவில்லை. அது எனக்குக் கிடைத்த பெரிய பதவி.

மாஸ்டர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. எனக்கும் இப்போது சர்க்கரை. விரலைக் குத்தினால் கருவியில் எண் வருகிறது. நிறம் இல்லை, கொதிக்க வைக்கும் வேலை இல்லை. இட்லியோடு ஒரு கைப்பிடி நாவல்பழத்தை மென்று, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து வடக்கு ஜன்னல் பக்கம் போய்த்தான் அந்த எண்ணைப் பார்க்கிறேன். எண்ணுக்கு வெளிச்சம் எதற்கு என்று மகள் கேட்கிறாள். நோட்டில் குறித்து என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டு வைக்கிறேன்.